புழு போட்ட பக்க எண்

பைண்டர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

பேசவில்லை என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை. முன்னைவிட அதிகமாகத்தான் சத்தம் இருந்தது. எல்லாம் மருமகள் வழியாகப் போய்வந்தது, அவ்வளவுதான்.

"மருமகளே, ரொட்டி தீஞ்சு போச்சுன்னு சொல்லு."

"அத்தை, ரொட்டி தீஞ்சு போச்சாம்."

"தீயல. அது நிறமே அப்படித்தான். அவருக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லு."

"மாமா, உங்களுக்குக் கண்ணாடி..."

"காதுல விழுந்துச்சு."

"காதுல விழுதுன்னா நடுவுல நான் எதுக்கு மாமா? எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

மருமகள் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. எதிர்வரிசை மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. மகன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் தண்டவாளத்தில் இருப்பான். ஆகவே மாமனார் மாமியார் சண்டையில் தபால்காரி வேலையும் அவள் தலையில் விழுந்துவிட்டது. அவளுக்கும் அதில் ஒரு சின்ன சந்தோஷம் இல்லாமல் இல்லை. கடையில் சொல்லிச் சிரிக்க தினம் ஒன்று கிடைத்தது.

சண்டை ஒரு ஜன்னலைப் பற்றி.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள், அவற்றில் தோல் சுருள்களும் அட்டைகளும் துணிகளும். ஒரு மூலையில் பசை காய்ச்சும் அடுப்பு. கிழக்கு ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. அது பைண்டர் பெண்டாட்டி ஊசியம்மாவின் மேசை. சட்டைக் கழுத்தில் எப்போதும் நூல் கோத்த ஊசியொன்றைக் குத்தி வைத்திருப்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். இருபத்தாறு வருஷமாகத் தாளை மடிப்பதும் அடுக்குவதும் தைப்பதும் அவள். தோல் வெட்டுவதும் அட்டை போடுவதும் எழுத்துப் பதிப்பதும் அவர். வாசல் பலகையில் 'பைண்டர்' என்று ஒருமையில்தான் எழுதியிருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஜன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, தெருவில் போகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேச முடிந்தது. அது போதும்.

மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து ஆளுயர இரும்பு அழுத்தி ஒன்று பைண்டருக்குக் கிடைத்தது. புத்தகங்களை இடையில் வைத்துச் சக்கரத்தைத் திருகினால் கல்லாக இறுக்கிப் பிடிக்கும். அதை இறக்க வந்த நாலு பேர், "எங்க வைக்கணும்?" என்று கேட்டபோது அவள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து பார்த்தபோது அழுத்தி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அவளுடைய மேசை பசை அடுப்புப் பக்கம் போயிருந்தது.

"என் ஜன்னல் எங்கங்க?"

"அங்கதான் இருக்கு. பின்னாடி."

"நகர்த்துங்க."

"நாலு பேர் வேணும். அவங்க போயிட்டாங்க."

அதோடு நின்றுபோன பேச்சுதான் இது.

இந்தப் பதினோரு நாளில் மூன்றாவது நாள்தான் அந்தச் சுவடி வீட்டுக்குள் வந்தது.

ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பழைய ரசவாதச் சுவடி. ஈயத்தைப் பொன்னாக்கும் வழி அதில் இருக்கிறதாகச் சொல்வார்கள். மொத்தம் நாற்பது தாள். ஒவ்வொரு தாளும் தனித்தனி உலகம்: மேலே ஒரு படம், கீழே ஏழெட்டு வரி. ஒரு தாளில் மஞ்சள் ராஜா, இன்னொன்றில் வெள்ளை ராணி, வேறொன்றில் கறுப்புக் காகம், சிவப்புப் பறவை, மூடிய பானைக்குள் தூங்கும் குழந்தை. எழுதியவர் யாரென்று தெரியாது. பக்க எண்ணும் கிடையாது.

அதைத் தொட்டவர்கள் கதை சுவடியைவிடப் பெரிது. முதலில் வைத்திருந்தவர் ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவராம். அதில் சொன்னபடி செய்து பார்த்துக் கூரையைக் கொளுத்திக்கொண்டார். அடுத்து ஒரு நீதிபதி. அவர் எதையும் செய்து பார்க்கவில்லை. இருபது வருஷம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியதோடு சரி. அவருடைய கொழுந்தியாளுக்கு அது காய்ந்த பூக்களை வைத்து அழுத்தத் தோதாக இருந்தது. கடைசியில் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. படித்தவர் யாருக்கும் புரியவில்லை. முதல் தாளிலேயே ராஜாவுக்குப் பிள்ளை பிறந்துவிடுகிறது, அவருக்கும் ராணிக்கும் பத்தொன்பதாவது தாளில்தான் கல்யாணம் நடக்கிறது. செத்த காகம் ஆறு தாள் கழித்துப் பறக்கிறது.

புரிந்ததாகச் சொன்ன ஒரே ஆள் ஓய்வுபெற்ற புரொபசர். கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். முப்பது வருஷம் அந்தச் சுவடியோடு குடும்பம் நடத்தினார், வேறு குடும்பம் அமையவில்லை. 'காலம் பின்னோக்கி ஓடுவதே இந்த நூலின் ரகசியம்' என்று தடிமனாக ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதையும் பைண்டர்தான் தைத்துக் கொடுத்தார்.

சுவடியைக் கொண்டுவந்தவள் நூலகத்தம்மா. நெட்டையான உருவம், மெல்லிய குரல். அந்தக் குரலுக்கு நூலகமே நடுங்கும்.

"முதுகு முழுக்கப் பழைய பசை, கல்லு மாதிரி இறுகிப் போச்சு. விரிச்சா தாள் கிழியுது. பிரிச்சு, சுத்தம் பண்ணி, மறுபடி தைக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருவேன். எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பணும். ஒரு தாள் மாறியிருந்தாலும் நூலகத்துல இருந்து இனிமே ஒரு புத்தகம்கூட இந்த வாசப்படி ஏறாது."

நூலக வேலை இல்லையென்றால் பட்டறையில் மிச்சம் இருப்பது பள்ளிக்கூட நோட்டும் கல்யாண ஆல்பமும்தான். ஊசியம்மாவுக்கு அந்த வேலைகளும் சோறு போடும். ஆனால் பழைய புத்தகத்தைப் பிரிக்கும்போது உள்ளே இன்னொருத்தர் போட்ட தையல் தெரியுமே, நூறு வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி ஓரத்தில் போட்ட முடிச்சு, அது வேறெதிலும் கிடைக்காது. அதை இழக்க அவள் தயாராக இல்லை.

புத்தகத்தைப் பிரிப்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்டையைக் கழற்றியதும் பைண்டர் ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போடுவார். பிறகு, "போட்டாச்சு" என்பார். அவள், "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் அவள் கத்தரி தையல் நூலைத் தொடும். அவர் வெளியே போயிருந்தால் அவளே எண் போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்று சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள், ஒருதரம் பிசகியதில்லை.

இந்தத் தடவை அட்டையைக் கழற்றிய பைண்டர், சுவடியை அவளுடைய மேசையில் வைத்துவிட்டுத் தோல் வாங்கக் கடைக்குப் போனார். நான் இல்லாத நேரத்தில் அவள் போட்டுக்கொள்வாள் என்று அவர் நினைத்தார். மேசைக்கு வந்துவிட்டதென்றால் எண் போட்டாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுபோக மருமகளும் வீட்டில் இல்லை.

ஊசியம்மா நூலை வெட்டினாள். ஈரத்துணியைத் தாள் ஓரத்தில் வைத்துப் பழைய பசையை ஊறவிட்டு, எலும்புக் கத்தியால் மெள்ள மெள்ளச் சுரண்டினாள். அது ஐந்து நாள் வேலை. அடுப்பு மூலையில் வெளிச்சம் போதாது. மூலையில் எண் இருக்கிறதா என்று தெரிகிற வெளிச்சம் அங்கே இல்லவே இல்லை. வழக்கமாக ஜன்னலோரம் கட்டுகிற கொடியை இந்த முறை பின்வாசல் நடையில் கட்டி, ஓரம் ஈரமாயிருந்த தாள்களை வரிசையாக மரக்கிளிப்பில் மாட்டினாள். மழைக்கு முந்திய பருவம். காற்று ஒரு திசையில் நிற்காத நாட்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரே ஒரு வீச்சு. அடுப்படியில் முட்டை அவித்துக்கொண்டிருந்தவள் காதில் சடசடவென்று ஒரு சத்தம், புறாக்கூட்டம் எழும்பியது போல. ஓடிவந்து பார்த்தால் கொடி அறுந்து கிடந்தது. நாற்பது தாளும் நடை, பட்டறை, மேசைக்கடி என்று பரவிக் கிடந்தன. மஞ்சள் ராஜா பசைச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளி மல்லாந்திருந்தார். கறுப்புக் காகம் அழுத்தியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

நல்லவேளை, ஒரு தாளும் வெளியே போகவில்லை. ஒன்றும் கிழியவுமில்லை. எண்ணிப் பார்த்தாள், நாற்பது. மூச்சு வந்தது. எண்படி அடுக்கினால் ஆயிற்று என்று ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து மூலையைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

வாசலில் தோல் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்த பைண்டர் கத்தியோடு உள்ளே வந்தார். பதினோரு நாளுக்குப் பிறகு அவள் குரல் நேராக அவரை நோக்கி வந்தது.

"என்னங்க, நம்பர் போட்டீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீ போடலையா?"

"நீங்க போடலையா?"

"நீதானம்மா பிரிச்ச?"

"நீங்கதானே மேசைல வச்சீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்த மருமகள், "அட, பேசிக்கிட்டீங்களா!" என்று கை தட்டினாள். பிறகு தரையைப் பார்த்தாள். கை தட்டியது அப்படியே நின்றுவிட்டது.

"ஜன்னல் இருந்திருந்தா இந்தக் கொடியை நான் ஏன் பின்வாசல்ல கட்டப்போறேன்?"

"காத்து அடிக்கிற நாள்ல கதவைத் திறந்து வச்சது யாரு?"

"தாள் காயணும்ல? உங்க அழுத்தியா வந்து ஊதி விடும்?"

"அத்தை, மாமா, சண்டையை அப்புறமா வச்சுக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கு. யார்கிட்டயாச்சும் இதுக்குப் படம் கிடையாதா?"

கிடையாது. கேமரா வெளிச்சம் பட்டால் மை வெளுக்கும் என்று நூலகத்தம்மா யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. புரொபசரின் புத்தகத்தில் விளக்கம் உண்டு, வரிசைப் பட்டியல் இல்லை. அந்த வரிசை முழுசாக இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். புரொபசரின் தலை.

"அவர்கிட்ட நைசா கேட்டுடலாம்," என்றார் பைண்டர். "சும்மா பேச்சுவாக்குல. 'ஏன் சார், அந்தக் காகத்துக்கு அப்புறம் என்ன வரும்?'னு."

"நாப்பது தடவை பேச்சுவாக்குல கேப்பீங்களா?"

"மறைச்சா என்ன? தைச்சுக் கொடுத்துட்டா அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?"

அவர் குனிந்து மேசைக்கடியிலிருந்த ராணியை எடுத்துத் தூசி தட்டினார். அவிந்த முட்டை தண்ணீர் வற்றி வெடிக்கிற சத்தம் அடுப்படியிலிருந்து கேட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே புரொபசர் வந்துவிட்டார். சுவடி பட்டறைக்கு வந்த நாளிலிருந்து தினமும் வருகிறார், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வருகிறவர் மாதிரி. கையில் பிஸ்கட் பாக்கெட்.

"எப்படி இருக்கா என் பெரியவ?" என்று சுவடியை விசாரித்தார்.

பைண்டர் தோலைப் பார்த்தார். மருமகள் கூரையைப் பார்த்தாள். ஊசியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க புரொபசர். டீயைக் குடிங்க முதல்ல. குடிச்சிட்டீங்களா? காத்து வந்து தாளெல்லாம் கலைஞ்சு போச்சு. நாங்க நம்பர் போடல. தப்பு எங்க மேலதான்."

புரொபசர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் அந்த முகத்தில் என்ன வரப்போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"அவ்வளவுதானா தங்கச்சி? நான் ஏதோ எலி கடிச்சுட்டுதோன்னு பயந்துட்டேன். கொண்டா எல்லாத்தையும். தரையைத் துடைச்சு விடு, மருமகளே. முப்பது வருஷம் பாத்த முகம். கண்ணை மூடிட்டு அடுக்குவேன்."

கண்ணை மூடவில்லை, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடுக்கினார். "ராஜா, நீ முதல்ல வாடா. சிவப்பு எழுத்துக்காரி, நீ ரெண்டாவது. காகம் எங்க? இங்க வா." அரைமணி நேரத்தில் நாற்பது தாளும் ஓர் அடுக்காகிவிட்டது. பைண்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மருமகள் பிஸ்கட்டைப் பிரித்தாள்.

ஊசியம்மா அடுக்கை வாங்கி, வழக்கம்போல மேசையில் செங்குத்தாக நிறுத்தி, தட்டிச் சமன்செய்து, முதுகோரத்தில் கட்டை விரலை ஓட்டினாள். ஓட்டிய விரல் நின்றது. மறுபடி ஓட்டினாள்.

"என்ன?" என்றார் பைண்டர்.

"ஓட்டை ஓடல."

"என்ன ஓட்டை?"

"புழு ஓட்டை. பசைக்குள்ள மறைஞ்சு இருந்துச்சு, சுரண்டினப்போதான் வந்துச்சு. ஒவ்வொரு தாள்லயும் ஒண்ணு இருக்கு. புழு ஒரு பக்கம் நுழைஞ்சா நேரா குடைஞ்சுக்கிட்டுப் போகும். ஒரு தாள்ல இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் அடுத்த தாள்லயும் இருக்கும். இங்க பாருங்க, இது மேல இருக்கு, அடுத்தது கீழ, அதுக்கடுத்தது மறுபடி மேல. புழு என்ன தவளையா, தாவித் தாவிப் போக?"

பைண்டர் தாளை வாங்கி அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தார். தெரியவில்லை. விளக்கைப் போட்டார். மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தாள், ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்குப் போகலாமென்றால் காற்று. அவர் திரும்பி அழுத்தியைப் பார்த்தார். அதன் பின்னால் ஓரத்தில் ஒரு கோடு வெயில் கசிந்துகொண்டிருந்தது.

"நாலு பேர் வேணும்," என்றார்.

மருமகள் எண்ணினாள். "அத்தை ஒண்ணு, நான் ரெண்டு, புரொபசர் மூணு..."

"எனக்கு முதுகு வலி," என்றார் புரொபசர்.

"வயசாச்சேன்னு பாக்கிறீங்களா சார்? வலிக்குத் தைலம் நான் தரேன். பிடிங்க."

பிடித்தார்கள். ஐலசா சொல்லாத குறைதான். ஒரு முழம் நகர்வதற்குள் புரொபசர் இரண்டு முறை உட்கார்ந்தார், பைண்டர் கால்விரலை நசுக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தார், ஊசியம்மாவுக்குச் சிரிப்பு வந்து கை வழுக்கியது. கடைசியில் அழுத்தி சுவரோரம் போய் நின்றது. ஊசியம்மா ஜன்னலின் மரக்கதவுகளைத் தள்ளித் திறந்தாள். பன்னிரண்டு நாள் காத்திருந்த காலை வெயில் மேசை முழுக்க விழுந்தது.

ஜன்னல் கண்ணாடியை மூடி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் ஒளிப்புள்ளி. ஒன்றில் கடுகளவு, இன்னொன்றில் மிளகளவு. மேலேயிருந்து மெள்ளச் சரிந்து, நடுவில் ஒரு வளைவு வளைந்து, கீழே போய் முடிகிற பாதை. பைண்டர் தாளை எடுத்துக் கொடுக்க, அவள் பொருத்திப் பார்க்க, "இது இல்ல", "இது இதுக்கு மேல", "அந்தக் காகத்தைக் கொடுங்க", "எந்தக் காகம்?", "செத்த காகம்" என்று பேச்சு நிற்காமல் ஓடியது. பன்னிரண்டு நாள் பாக்கிப் பேச்சு. மருமகள் கடைக்கு ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கடைசித் தாளையும் வைத்து, அடுக்கைத் தட்டி, மேலிருந்து ஒரு தைக்கும் நூலை ஓட்டைக்குள் விட்டாள் ஊசியம்மா. வளைந்து வளைந்து நூல் நாற்பது தாளையும் கடந்து அடியில் எட்டிப் பார்த்தது.

"இதுதான் எழுதினவர் வச்ச வரிசை," என்றாள். "புழு நுழைஞ்சப்போ இப்படித்தான் இருந்திருக்கு. அப்புறம் எவனோ ஒரு பைண்டர் முதுகை அறுத்து, ஒத்தைத் தாளாக்கி, மாத்தித் தைச்சுட்டான்."

"அந்த ஆளும் பொண்டாட்டியோட பேசாம இருந்திருப்பான்," என்றாள் மருமகள்.

புரொபசர் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். முதலில் மனசுக்குள், பிறகு வாய்விட்டு. மஞ்சள் ராஜாவும் வெள்ளை ராணியும் கல் மாளிகையில் மணம் செய்துகொள்கிறார்கள். இருவரும் ஒருவருக்குள் ஒருவர் கரைகிறார்கள். கறுப்புக் காகம் பிறக்கிறது. காகத்தை மூடிய பானையில் இட்டு நெருப்பின்மேல் வைக்கிறார்கள். காகம் சாகிறது. பானையின் மூடியில் சிவப்புப் பறவை ஒட்டிக்கொண்டிருக்கிறது...

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் மருமகள். "மஞ்சள் ராஜா கந்தகம். வெள்ளை ராணி பாதரசம். கல் மாளிகைன்னா கல்வம்தான், அரைக்கிற கல். ரெண்டையும் சேர்த்து அரைச்சா கறுப்பாகும். மூடி வச்சுச் சூடு பண்ணினா ஆவியாப் போய் மூடில சிவப்பாப் படியும். இது சாதிலிங்கம் சார். சிவப்புச் சாயம். காலேஜ்ல நாங்க படிச்சதுதானே?"

புரொபசரின் வாய் திறந்தபடி இருந்தது. அவரே எத்தனையோ வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாடு அது. பொன்னைத் தேடிய அவசரத்தில் அது அவர் கண்ணில் படவே இல்லை.

இருபத்தொன்றாவது தாளுக்கு வந்தார். "'கல்லை அரைப்பவர் நெருப்பைக் காண்பதில்லை. நெருப்பைக் காப்பவர் கல்லைக் காண்பதில்லை. ஆகையால் இருவரும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல் நின்றால் பானை வெடிக்கும்.' இதுக்கு நான் நாப்பது பக்கம் விளக்கம் எழுதியிருக்கேன். உடம்பும் உயிரும் பேசிக்கொள்கிற நிலைன்னு."

"புருஷனும் பொண்டாட்டியும் வேலை பாக்கிறாங்க சார்," என்றாள் மருமகள். "ஒருத்தர் அரைக்கிறாங்க, ஒருத்தர் அடுப்பைப் பாக்கிறாங்க."

பைண்டர் சந்தேகமாகப் பெண்டாட்டியைப் பார்த்தார். "இந்தத் தாளை நீ எழுதிச் சொருகல இல்ல?"

"எனக்கு எங்க நேரம்? ரொட்டியைத் தீய விடவே நேரம் சரியா இருக்கு."

கடைசித் தாள். இத்தனை காலமும் இரண்டாவதாக இருந்த தாள். நாற்பதில் அதில் மட்டும்தான் சிவப்பு எழுத்து. அலங்காரத்துக்கு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். புரொபசர் ஜன்னலருகே கொண்டுபோய் வாசித்தார்.

"'பிசினில் குழைத்து எழுதுக. பொன் கேட்டு வந்தவர் போகலாம். நாங்கள் செய்தது இது. இப்போது நீ பார்த்துக்கொண்டிருப்பது.'"

வெயிலில் அந்த எழுத்து இன்று காலை எழுதியது போல ஜொலித்தது.

புரொபசரின் முப்பது வருஷத்தை ஒரு நூலை விட்டு அளந்துவிட்டோமே என்றிருந்தது ஊசியம்மாவுக்கு. "புரொபசர்," என்றாள் அவள் தயங்கி. "நாங்க வேணும்னா பழைய வரிசைல, நீங்க அடுக்கினபடியே தைச்சுடறோம். அப்படியே திரும்பணும்னுதான் நூலகத்தம்மாவும் சொன்னாங்க. நாங்க வெளிய சொல்லமாட்டோம்."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, முப்பது வருஷமா இவங்க என்கிட்ட, 'நாங்க பொன் செய்யலடா'ன்னு சிவப்பு மைல எழுதிக் காட்டியிருக்காங்க. ரெண்டாவது பக்கத்துலயே! நான் அதைத் தாண்டிப் போய்த் தேடியிருக்கேன்." உடனே அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன முட்டாள்! கெமிஸ்ட்ரி வாத்தியார் வேற! என் புத்தகத்தை யாரும் வாசிக்காதது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரு. அந்தப் பிஸ்கட்டை இப்படித் தள்ளு. சரியான வரிசைல தை. நான் புதுசா ஒண்ணு எழுதணும்."

"செஞ்சு பாக்கலாமா?" என்றார் பைண்டர் ஆசையாக. "நம்ம தலைப்பு எழுத்தெல்லாம் இந்தச் சிவப்புல..."

"கூடாது மாமா. புகை விஷம். கடிகாரக்காரருக்குக் கூரையோட போச்சு, நீங்க ஆளோட போயிடுவீங்க."

வெள்ளிக்கிழமை நூலகத்தம்மா வந்தாள். சுவடி தைக்காமல் அடுக்காக மேசையில் இருந்தது. பைண்டர் தொண்டையைச் செருமினார். அதற்குமேல் அவரால் போக முடியவில்லை. ஊசியம்மாதான் சொன்னாள். பேசாமலிருந்த பதினோரு நாள், போடாத எண், காற்று, புரொபசர், புழு, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, கழுத்திலிருந்த ஊசியை எடுத்து மறுபடி குத்திக்கொண்டாள்.

நூலகத்தம்மா கையுறை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தாளாக ஜன்னலில் தூக்கிப் பார்த்தாள். நாற்பதையும் பார்த்தாள். அதற்குள் புரொபசர் நாலு டம்ளர் டீ குடித்துவிட்டார்.

"பழைய தையல் நூல்?"

"எடுத்து வச்சிருக்கேன். கவர்ல."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் அந்த மெல்லிய குரலில். "புரொபசர் வரிசைல தைச்சுக் கொடுத்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"ஆமா."

"ஏன் செய்யல?"

ஊசியம்மா யோசித்தாள். "தப்புன்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. தெரிஞ்சப்புறம் கை தைக்காது."

நூலகத்தம்மா கையுறையைக் கழற்றினாள். முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. சிரிப்பென்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பக்கத்து வீடு. "இந்த வரிசைலயே தைங்க. பழைய வரிசை எப்படி இருந்துச்சுன்னு புரொபசர் ஒரு தாள்ல எழுதிக் கடைசில வைக்கட்டும். பதிவேட்டுல நான் எழுதணும், வரிசையைக் கண்டுபிடிச்சது யாருன்னு."

"புழுன்னு போடுங்க," என்றார் புரொபசர்.

"இவதான்," என்றார் பைண்டர் சட்டென்று. காது சிவந்துவிட்டது அவருக்கு. "என் பொண்டாட்டி. இவ பேரை எழுதிக்கோங்க."

"அடுத்த வாரம் மூணு பெட்டி அனுப்பறேன்," என்றாள் நூலகத்தம்மா கிளம்பும்போது. வாசலில் நின்று திரும்பினாள். "நம்பர் போட்டுடுங்க."

மூன்று பெட்டிகள் வந்தன. அதற்கப்புறமும் வந்தன. அழுத்தி சுவரோரமே நின்றது. ஊசியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவோடு பேசிக்கொண்டு தைத்தாள். சில மாதம் கழித்து நூலகத்தம்மா ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் புருவத்தைத் தூக்கினாள். ஒவ்வொரு தாளிலும் பென்சில் எண் இரண்டு இருந்தது. இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று.

"எதுக்கு ரெண்டு?"

"இது அவர் போட்டது. இது நான் போட்டது," என்றாள் ஊசியம்மா. "மறுபடி சண்டை வராதுன்னு என்ன நிச்சயம்?"

உள்ளே பசை காய்ச்சிக்கொண்டிருந்த பைண்டர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்தப் புதுப் பெட்டிக்கு நம்பர் போட்டாச்சு."

"நானும் போட்டாச்சுங்க."

"சரி."

"சரி."